தினமும் எட்டு மணிக்குக் கிளம்பும் அக்கா

பதினோரு மாதமாக அக்கா தினமும் காலை எட்டு மணிக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தாமதம் கிடையாது. மழை, மூடுபனி, வேலைநிறுத்தம் எதுவும் அவளைத் தடுத்ததில்லை. இப்படியொரு ஒழுங்கை உலகத்தில் எந்த விமானக் கம்பெனியும் காட்டியிருக்காது. ஒரே ஒரு குறைதான். ஒரு நாள்கூட அவள் வந்து இறங்கியதில்லை.

தினமும் அவளை ஏற்றி அனுப்பியவன் தம்பி. நாற்பத்தாறு வயது, முன்மண்டையில் வழுக்கை, ஆனாலும் வீட்டில் அந்தத் தம்பி பதவியிலிருந்து அவனுக்கு உயர்வே கிடைக்கவில்லை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாள் இருக்கிறதே, எல்லாரும் படிக்காமல் தூக்கிப் போடுவது, அதை அச்சுக்குப் போகும் முன் எழுத்தெழுத்தாகப் படித்துப் பிழை திருத்துவது அவன் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். தலைசுற்றல், வாய் உலர்தல், எரிச்சல், தூக்கமின்மை என்று பக்கவிளைவுகளைப் படித்துக்கொண்டே வரும்போது, ஒரு மாத்திரையும் விழுங்காமல் தனக்கு இத்தனையும் கைகூடியிருப்பதை நினைத்து அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

எல்லாம் அப்பாவால் வந்தது. அப்பா முப்பத்தொரு வருஷம் விமான நிலையத்தில் வேலை பார்த்தவர். ஓட்டியவர் இல்லை. விமானம் மேலே ஏறுவதற்கு முன் எந்தப் பாதையில் போகலாம், எதிர்க்காற்று எவ்வளவு, அதற்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுகிறவர். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "காத்து எப்படி?" என்பதுதான். அதனால் அலுவலகத்தில் அவருக்குக் காத்து சார் என்றே பேர். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தான் அனுப்பிய விமானம் தரை தொடும்வரை நாற்காலியை விட்டு எழ மாட்டார். நேரம் முடிந்துவிட்டால், மாற்று ஆள் வந்து பக்கத்தில் நின்று "நான் பாத்துக்கறேன்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. சொன்னால்தான் எழுவார்.

இப்போது அந்த மூளையில் எல்லாம் அழிந்துகொண்டிருந்தது. காலையில் சாப்பிட்டது அழிந்தது, குளியலறை எந்தப் பக்கம் என்பது அழிந்தது, சில நாள் தம்பியே அழிந்துபோய் அலுவலகத்துச் சின்ன உத்தியோகஸ்தன் ஆகிவிடுவான். எண்கள் மட்டும் அழியவில்லை. அக்கா இருக்கும் ஊர் விமான நிலையத்திலிருந்து இந்த ஊர் விமான நிலையத்துக்குப் பதிமூவாயிரத்து நூற்றெண்பது கிலோமீட்டர், சாதாரணக் காற்றில் பதினைந்து மணி நாற்பது நிமிடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

பொய் தொடங்கிய நாள் தம்பிக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று காலையில் "அக்கா எப்ப வர்றா?" என்று அப்பா நாற்பது தடவை கேட்டார். தம்பி நாற்பது தடவையும் உண்மையைச் சொன்னான். லீவு கிடைக்கவில்லை, இந்த வருஷம் வர மாட்டாள். ஒவ்வொரு தடவையும் அது அப்பாவுக்குப் புதுச் செய்தி. ஒவ்வொரு தடவையும் முகம் புதிதாக விழுந்தது. நாற்பத்தோராவது தடவை அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், "கிளம்பிட்டாப்பா. எட்டு மணி ஃப்ளைட்" என்று சொல்லிவிட்டான்.

அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. "காத்து எப்படி?" என்றார். உலகப் படம் கேட்டார், நூல் கேட்டார், அளவுகோல் கேட்டார். அன்று முழுக்க ஒரு தொல்லை இல்லை. வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு மணிக்கொரு தடவை அக்கா எங்கே இருக்கிறாள், எதிர்க்காற்று என்ன, எரிபொருள் மீதி எவ்வளவு என்று எழுதிக்கொண்டே இருந்தார். அக்கா நடுக்கடலுக்கு மேலே வரும்போது அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது. மறுநாள் எல்லாம் துடைத்த பலகை. "அக்கா எப்ப வர்றா?" என்றார். "கிளம்பிட்டாப்பா" என்றான் தம்பி. அப்படியே பழகிவிட்டது. பழைய தாளை ஒவ்வொரு காலையிலும் எடுத்துக் கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுவைத்தான். பிழை திருத்துகிறவனுக்கு எழுதிய தாளைக் கிழித்துப் போடக் கை வராது.

இதில் தம்பிக்கு வந்த தொல்லை வேறு. விமானம் இறங்காததால் அவனும் எழுந்து போக முடியவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கொரு தடவை "தகவல் வந்துச்சுப்பா" என்று சொல்ல வேண்டும். வேறு யார் உட்கார்ந்தாலும் அப்பா ஒத்துக்கொள்வதில்லை. கவனித்துக்கொள்ள ஒரு செவிலியரை வைத்துப் பார்த்தார்கள். அப்பா அவரிடம் அடையாள அட்டை கேட்டு, ஓடுபாதை நீளம் கேட்டு, இரண்டே நாளில் அனுப்பிவிட்டார். நடுராத்திரி எழுந்து நடப்பார், விடியும் முன் எழுந்து கதவைத் தட்டுவார். தம்பி சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கிப் பத்து மாதம் ஆயிற்று.

அதனால் அக்கா நிஜமாகவே ஒன்பது நாள் லீவில் வருகிறாள் என்றதும் அவன் ஆசைப்பட்டது ஒன்றுதான். அப்பா அவளை மகள் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அவள் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். தான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டை மாதிரி கிடக்க வேண்டும். வீடியோவில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா, செய்தி வாசிக்கிற பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். நேரில் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்பினான்.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அவள் இறங்குவதாக இருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவன் மனைவி, காலை ஏழு மணிக்குச் செருப்பை மாட்டும்போதே எச்சரித்தாள்.

"இன்னைக்கு ஞாபகம் வெச்சுக்கோங்க. கிளம்பிட்டான்னு சொல்லக்கூடாது. மத்தியானம் வந்துருவான்னு சொல்லணும்."

"நான் என்ன அப்பாவா, மறந்துபோக?"

எட்டு மணிக்கு டீயைக் கையில் கொடுத்தான். அப்பா கேட்டார். முன்னூறு காலைகளில் ஊறிப்போன வாய் தன்பாட்டுக்குப் பதில் சொன்னது. "கிளம்பிட்டாப்பா. எட்டு மணி ஃப்ளைட்." நாக்கைக் கடித்துக்கொண்டபோது அப்பா நூலைப் படத்தின் மேல் இழுத்து வைத்தாகிவிட்டது. போகட்டும், மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். அப்பா தன் மூளையை நம்புவதை விட்டு வெகு நாளாகிவிட்டது, எழுதி வைத்த தாளைத்தான் நம்புகிறார் என்பது அவனுக்குத் தெரியாததில்லை. தெரிந்ததை நினைத்துப் பார்க்க அசதி விடவில்லை.

மூன்றரைக்கு அக்கா வாடகைக் காரில் வந்து இறங்கினாள். ஒரு பெரிய பெட்டி, வீங்கிய கால், கலைந்த தலை. கதவைத் தாண்டியதும் நேராக அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் போய் மண்டி போட்டு, "அப்பா, நான் வந்துட்டேன்" என்றாள்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். மரியாதையாகக் காலை இழுத்துக்கொண்டார்.

"உக்காருங்க மேடம். யாரைப் பாக்கணும்?"

"நான்தாம்ப்பா. உங்க பொண்ணு."

அப்பா தாளைப் பார்த்தார், சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். தப்பான கணக்கோடு வந்திருக்கும் ஆளிடம் பேசுகிற பொறுமை அவர் குரலில் வந்தது. "எம் பொண்ணு இப்பக் கடலுக்கு மேல இருக்கா. வந்து சேர இன்னும் எட்டு மணி பத்து நிமிஷம் இருக்கு."

தம்பி குறுக்கே விழுந்தான். பின்காற்று பலமாக இருந்ததாம், அதனால் சீக்கிரமே வந்துவிட்டாளாம் என்று அளந்தான். அப்பா அவனை, நேற்று வேலைக்குச் சேர்ந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எட்டு மணி நேரம் முன்னாடியா? அது ஃப்ளைட்டா, தோட்டாவா?"

அக்கா எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாய் வெகு நேரம் ஓடியது. திரும்பி வரும்போது முகத்தைக் கழுவியிருந்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கொஞ்சம் தள்ளி, விருந்தாளி உட்காரும் தூரத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம் முழுக்க, வரப்போகும் மகளுக்காக அப்பாவோடு சேர்ந்து காத்திருந்தாள். இடையில் ஒரு தடவை மட்டும், "ரொம்ப தூரமா சார்?" என்று கேட்டாள்.

"தூரத்தை விடுங்க மேடம். அது மாறாது" என்றார் அப்பா. "காத்துதான் மாறும்."

ஏழு மணிக்குத் தம்பியின் மனைவி அப்பாவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது, அக்காவும் தம்பியும் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டார்கள். அப்பாவுக்குக் கேட்கக்கூடாது என்பதால் கிசுகிசுவென்று போட்ட சண்டை. பாதி வசவு யாருக்கும் கேட்காமலே போனது. தம்பி கடைசியில் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து அவள் முன்னால் வைத்தான். முன்னூற்று இருபத்தேழு தாள்கள். அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் அதே கட்டம், அதே கடல். எல்லாவற்றிலும் மேல் மூலையில் ஒரே வரி. பயணிகள்: 1. கீழ் மூலையில் "வந்து சேர்ந்த நேரம்" என்ற கட்டம் எல்லாவற்றிலும் காலி.

"இத்தனை தடவை என்னை ஏத்தி விட்டிருக்கே" என்றாள். "ஒரு தடவை எறக்கி விடணும்னு தோணலியாடா?"

"நீ வந்தாத்தானேக்கா எறக்க முடியும்?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டார்கள். களைத்துப் போனவர்களுக்குச் சண்டை போடவும் தெம்பு வேண்டும்.

யோசனை மனைவியுடையது. அப்பா தாளைத்தான் நம்புகிறார் என்றால் தாளைக் கொடுத்துவிடலாமே என்றாள். அக்கா இன்று ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பியதாக ஒரு தாள். நாளைக் காலை அப்பா எழுந்து பார்க்கும்போது விமானம் பாதிக்கு மேல் வந்திருக்க வேண்டும். பதினொன்று நாற்பதுக்கு இறங்கிவிடும். தம்பி உட்கார்ந்து அப்பாவின் கையெழுத்திலேயே தாளைத் தயார் பண்ணினான். ஊரார் பிழையைத் திருத்திச் சம்பாதிக்கிறவன், முதல் தடவையாகப் பிழையையே வேலையாகச் செய்தான். அப்பாவின் ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு உண்டு. அதைக்கூட விடவில்லை. அக்கா பக்கத்தில் நின்று பார்த்து, "இன்னும் பதினாறு மணி நேரம் நான் ஆகாசத்துல இருக்கணும், அப்படித்தானே?" என்றாள். "உக்காந்தே வந்த காலு இன்னும் வீக்கம் வடியல."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அப்பா தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த வரியை எழுதினார். எல்லாம் திட்டப்படி போனது. திட்டத்தில் இல்லாதது ஒன்றுதான். பத்தரை மணிக்கு அப்பா தம்பியை முறைத்தார்.

"இன்னும் என்ன இங்க உக்காந்திருக்கே? போய்க் கூட்டிட்டு வா. லேட்டாப் போனா அவ தனியா நிப்பா."

மகளை அழைக்க ஆள் போகவேண்டும் என்பது மூன்று பேர் மண்டையிலும் உதிக்கவில்லை. அப்பா விவரமும் சொன்னார். இறங்கினதும் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி வர நேரம், எல்லாம் ஒரு மணி பத்து. பாதை முக்கால் மணி. ஒன்று முப்பத்தைந்துக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

அப்பா குளியலறைக்குப் போன நேரம் பார்த்து, காலையிலிருந்து படுக்கையறையில் ஒளிந்திருந்த அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படியில் இறங்கினாள். இரண்டு தெரு தள்ளி, ஞாயிற்றுக்கிழமையானதால் ஷட்டரை இறக்கியிருந்த இரும்புக் கடைக்கு முன்னால் தம்பியின் காரை நிறுத்திக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மூன்று மணி நேரத்தை எப்படித் தள்ளுவது என்று தெரியவில்லை. அக்கா தன் வேலையைப் பற்றிச் சொன்னாள், லீவு கேட்டு எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொன்னாள். கேட்கத் தைரியமில்லாமல் கேட்காத மாதங்களும் உண்டு என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். பதில் வராததால் திரும்பிப் பார்த்தாள். தம்பி வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தான். பாதிக் கண்ணில், "ஒண்ணே காலுக்கு எழுப்பிடுக்கா" என்று மட்டும் சொன்னான்.

அவன் விழித்தபோது கடையின் நிழல் தெருவைத் தாண்டி எதிர்ச் சுவரில் ஏறியிருந்தது. மணி மூன்று பத்து.

"ஏன்க்கா எழுப்பல?"

"மனசு வரல." அக்கா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உம் பொண்டாட்டி ஆறு தடவை கூப்பிட்டா. தூங்கறான், விடுன்னேன். சரின்னுட்டா. அப்பறம் ஒரு தடவை அழுதா."

"எதுக்கு அழுதா?"

அக்கா பதில் சொல்வதற்குள், அங்கே அப்பா இன்னும் காத்துக்கொண்டிருப்பார் என்று அவனுக்கே புரிந்துவிட்டது. வண்டியைக் கிளப்பினான்.

அப்பா சாப்பிடவில்லை. நாற்காலியை விட்டு எழவில்லை. தட்டில் சாதம் காய்ந்து கிடந்தது. அத்தனை வருஷ வேலையில் அவர் பயந்த ஒன்றே ஒன்று இதுதான். வரவேண்டிய விமானம் வரவில்லை, எங்கே என்று சொல்ல ஆளில்லை. தாளில் பதினைந்து நிமிஷத்துக்கொரு வரி எழுதியிருந்தார். தகவல் இல்லை. தகவல் இல்லை. கீழே வரவர எழுத்து உடைந்து, கடைசி இரண்டு வரி கட்டத்துக்கு வெளியே போயிருந்தது. தம்பியின் மனைவி சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "மாமாகிட்ட வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை போயிருச்சு" என்றாள்.

அக்கா பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். இந்தத் தடவை மண்டி போடவில்லை. அப்பா என்று கூப்பிடக்கூட இல்லை. நேற்று ஒரு தடவை மேடம் ஆனவளுக்கு வாய் திறக்கப் பயம். நின்றாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய நீளத் தாள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையில் பிடித்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், அவள் ஏறிய ஊர் விமான நிலையத்தின் மூன்று எழுத்துக் குறியை வாய்விட்டுப் படித்தார். தம்பிக்கு உயிர் போய் வந்தது. அந்தத் தாளில் தேதியும் இருந்தது. ஒரு நாள் முந்தைய தேதி. ஊர் முழுக்க மற்றவர் விட்ட பிழையைப் பிடிக்கிறவன் இதைக் கவனிக்காமல் கோட்டைவிட்டிருந்தான். அப்பாவின் கட்டைவிரல் நகர்ந்தது. நகர்ந்து, தேதியின் மேலேயே உட்கார்ந்தது. பார்த்துவிட்டு மறைத்தாரா, பார்க்காமலே மறைத்தாரா, தம்பிக்கு இன்றுவரை தெரியாது.

தாளிலிருந்து அப்பாவின் கண் மெதுவாக மேலே ஏறியது. கைப்பிடி, கை, தோள், முகம். முகத்தில் வெகு நேரம் நின்றது.

"ஒண்ணே முக்கால் மணி நேரம் லேட்டு" என்றார். "எங்கடி போயிட்டே?"

"எதிர்க்காத்துப்பா" என்றாள் அக்கா. "பயங்கரமான எதிர்க்காத்து."

அப்பா தலையை ஆட்டினார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பேனாவை எடுத்து, பதினோரு மாதமாகக் காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தில் நேரத்தை எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் கால் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று விசாரித்தார். பிறகு, கன்னத்தில் கார் சீட்டின் கோடு பதிந்து நின்ற தம்பி பக்கம் திரும்பினார்.

"எறங்கியாச்சில்ல. இன்னும் என்ன நின்னுட்டிருக்கே? டூட்டி முடிஞ்சுது. போய்ப் படு."

தம்பி போய்ப் படுத்தான். சாப்பிடக்கூட எழவில்லை. அடுத்த அறையில் அப்பாவும் அக்காவும் பேசிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரம் காதில் விழுந்தது. அக்கா சின்ன வயதில் தொலைத்த செருப்பைப் பற்றி ஏதோ பேச்சு. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கண் விழித்தபோது ஜன்னலில் காலை வெயில். ஒரு வினாடி, எந்த ஊரில் இருக்கிறோம் என்றே அவனுக்குப் புரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டீ டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் குரல். மரியாதையான குரல், துடைத்த பலகைக் குரல்.

"நீங்க யாரு, புதுசா?"

தம்பி எழுந்து உட்கார்ந்தான். கால் தரையில் செருப்பைத் தேடியது. அந்தப் பக்கம் டம்ளர் ஒரு தடவை மேஜையில் நகர்ந்தது.

"ஆமா சார். மாத்து ஆள்" என்றாள். "அவருக்கு ராத்திரியெல்லாம் டூட்டி. நீங்க சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

அப்பா யோசித்தார். ஓடுபாதை நீளம் கேட்பார் என்று தம்பி காத்திருந்தான். அவர் கேட்டது வேறு.

"எம் பொண்ணு எப்ப வர்றா?"

"கிளம்பிட்டா சார். எட்டு மணி ஃப்ளைட்."

படத்தை விரிக்கும் சத்தம் கேட்டது. அப்பா முதுகு நிமிர்வது சுவர் வழியாகவே தம்பிக்குத் தெரிந்தது.

"காத்து எப்படி?"

"பரவாயில்ல சார்" என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பின்காத்துதான்."

இன்னும் ஏழு நாள் லீவு பாக்கி இருந்தது. தம்பி செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு, காலை மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.